கான்கிரீட்டில் நிற்கும் கப்பல்

யொகொஹாமாவில் வேலை நிமித்தம் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலேறி யொகொசுகாவுக்குப் போனேன். நிலையத்திலிருந்து கடற்கரையை நோக்கி நடந்தால் ஒரு பூங்கா வருகிறது. அங்கே அட்மிரல் டோகோவின் சிலைக்குப் பின்னால் ஒரு போர்க்கப்பல் நிற்கிறது. மிதக்கவில்லை, நிற்கிறது. இனி ஒருபோதும் கடலுக்குப் போக முடியாதபடி, அதன் அடிப்பகுதியைச் சுற்றி மண்ணும் கான்கிரீட்டும் கொட்டி இறுக்கியிருக்கிறார்கள். கப்பலின் பெயர் மிகாசா. 1905 மே 27, 28 தேதிகளில் சுஷிமா நீரிணையில் ரஷ்யாவின் பால்டிக் கடற்படையை அழித்த டோகோவின் ஜப்பானியப் படைக்கு இதுவே தலைமைக் கப்பலாக இருந்தது.

மேல்தளத்தில் ஒரு முதியவர், தன்னார்வ வழிகாட்டி, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னோடு வந்திருந்த அலுவலக நண்பர் மொழிபெயர்த்தார். போரைப் பற்றித்தான் முதலில் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "இது இங்கிலாந்தில் கட்டியது, அந்தக் காலத்தில் இதைவிடச் சிறந்த கப்பல் இருக்கவில்லை" என்றுதான் தொடங்கினார். வெற்றியின் சின்னம் வேறொரு நாட்டின் பட்டறையில் செய்யப்பட்டது என்பதை ஒரு குறையாக அவர் நினைக்கவில்லை, பெருமையாகவே சொன்னார். அன்று அது எனக்குப் புதிராக இருந்தது. பிறகு அந்தக் காலத்து வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்தக் கப்பலின் கதை முழுவதுமே அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருப்பதாகத் தோன்றத் தொடங்கியது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. 2023-ல் டெல்லியில் ஜி-20 மாநாடு நடந்த நாட்களில், நம் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஒலித்த சொற்றொடர் "உலக அரங்கில் இந்தியாவின் மதிப்பு உயர்ந்தது" என்பது. அதற்கு ஏறக்குறைய இரண்டரை வாரங்களுக்கு முன்புதான் சந்திரயான்-3 நிலவில் இறங்கியிருந்தது. உயர்ந்தது உண்மையாகவே இருக்கலாம். அதை மறுப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அந்த மதிப்பை உயர்த்தியது யார், அது உயர்ந்திருக்கிறது என்று அளந்து சொல்வது யார், அதற்கு என்ன விலை கேட்கப்படும் என்ற கேள்விகள் அந்த விவாதங்களில் எழவே இல்லை. இந்தக் கேள்விகளுக்கு மிக நீண்ட, மிகக் கசப்பான விடை ஜப்பானின் வரலாற்றில் இருக்கிறது.

தமிழில் இதற்குப் பல சொற்கள் உண்டு: பெருமை, கௌரவம், மதிப்பு, அந்தஸ்து. பெருமையை ஒருவர் தமக்குத் தாமே உணர்ந்துகொள்ளலாம். அந்தஸ்து அப்படியல்ல, அது முழுக்கப் பிறர் கையில் இருப்பது. பீரங்கியையும் பொன்னையும் ஒரு நாடு சேர்த்து வைக்கலாம். அந்தஸ்தைச் சேர்த்து வைக்க முடியாது, ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் கொடுத்தால்தான் உண்டு. கோயில் திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்தத் துணியின் விலைக்காக யாரும் சண்டையிடுவதில்லை.

நாடுகளும் இப்படித்தான் சண்டையிட்டன, சில சமயம் தெருவிலேயே. 1661-ல் லண்டனில் புதிய ஸ்வீடன் தூதரை வரவேற்கும் ஊர்வலத்தில், அரசரின் வண்டிக்கு அடுத்துச் செல்லும் உரிமை பிரான்சின் தூதருடைய வண்டிக்கா ஸ்பெயினின் தூதருடைய வண்டிக்கா என்ற தகராறு வாள்சண்டையாக முற்றியது. பிரெஞ்சு வண்டியின் குதிரைகள் கொல்லப்பட்டன, ஆட்களும் இறந்தார்கள். ஸ்பானியர்கள் முன்கூட்டியே தங்கள் குதிரைகளின் கடிவாளப் பட்டைகளுக்குள் இரும்புச் சங்கிலி வைத்துத் தயாராக வந்திருந்தார்கள். அன்றைய ஊர்வலத்தில் ஸ்பெயின் வென்றது. ஆனால் பதினான்காம் லூயி போர் தொடுப்பேன் என்று மிரட்டி, மறு ஆண்டே ஸ்பெயினின் பிரதிநிதியைத் தம் அவையில் நிற்க வைத்து, இனி எங்கள் தூதர்கள் உங்கள் தூதர்களோடு முதலிடத்துக்குப் போட்டியிட மாட்டார்கள் என்று சொல்ல வைத்தார். இந்த வகைச் சண்டை ஓய 1815 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வியன்னா மாநாட்டில்தான், ஒரே தரத்துத் தூதர்களுக்குள் யார் முதலில் என்பதை அவர்கள் தங்கள் வருகையை அறிவித்த தேதியை வைத்து முடிவு செய்வது என்று விதி செய்தார்கள்.

ஒரே தரத்துக்குள் சமத்துவம் வந்தது; தரங்கள் அப்படியே இருந்தன. மேல்தரத்தில் இருந்தவர் அம்பாசடர். அரசரையே நேரில் பிரதிநிதித்துவப்படுத்துபவர். அடுத்த தரம் மினிஸ்டர். பெரிய வல்லரசுகள் தங்களுக்குள் மட்டுமே அம்பாசடர்களைப் பரிமாறிக்கொள்வது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொதுவான வழக்கம். மற்ற நாடுகளுக்கு மினிஸ்டர் போதும். அம்பாசடர் என்பது மன்னராட்சியின் பகட்டு என்று ஒதுங்கியிருந்த அமெரிக்காகூட 1893-ல் மனம் மாறி அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆகவே ஒரு தலைநகரில் எத்தனை அம்பாசடர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணினாலே, உலகம் அந்த நாட்டை எந்தப் படியில் வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். 1905-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் வரை டோக்கியோவில் ஓர் அம்பாசடர்கூட இல்லை.

இல்லாததற்குக் காரணம் பழையது. 1853-ல் அமெரிக்க கமடோர் பெரி கப்பல்களோடு வந்து கதவைத் தட்டிய பிறகு, 1858 முதல் ஜப்பான் பல மேற்கு நாடுகளோடு ஒப்பந்தங்களில் கையெழுத்திட நேர்ந்தது. அவற்றின்படி ஜப்பான் தன் சுங்க வரியைத் தானே நிர்ணயிக்க முடியாது. ஜப்பானிய மண்ணில் குற்றம் செய்யும் மேற்கு நாட்டவரை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. அவரவர் நாட்டுத் தூதரக நீதிமன்றமே விசாரிக்கும். இதன் பொருள் என்ன என்பதைச் சாதாரண ஜப்பானியர் 1886-ல் நேராகக் கண்டார்கள். நார்மன்டன் என்ற பிரிட்டிஷ் கப்பல் வகயாமா கடற்கரைக்கு அப்பால் மூழ்கியது. கேப்டனும் ஐரோப்பிய மாலுமிகளும் படகேறித் தப்பினார்கள். கப்பலில் இருந்த ஜப்பானியப் பயணிகள் 25 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கோபேயில் கூடிய பிரிட்டிஷ் விசாரணை மன்றம் கேப்டன் மீது குற்றமில்லை என்றது. நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்த பிறகு நடந்த மறு விசாரணையில் அவருக்குக் கிடைத்தது மூன்று மாதச் சிறை.

இந்த ஒப்பந்தங்களை மாற்றுங்கள் என்று ஜப்பான் கேட்டபோதெல்லாம் கிடைத்த விடை ஒன்றுதான்: நீங்கள் இன்னும் நாகரிகமடைந்த நாடு அல்ல. என்ன செய்தால் நாகரிகமடைந்ததாகக் கொள்வீர்கள் என்பதற்கு எழுதப்பட்ட விடை எதுவும் இல்லை. எனவே மெய்ஜி பேரரசரின் காலத்து ஆட்சியாளர்கள் ஐரோப்பாவில் கண்ட எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள். அவற்றில் எனக்கு மிகவும் இரக்கம் வரவழைப்பது ரொகுமெய்கான். வெளியுறவுப் பொறுப்பில் இருந்த இனோவுவே கவோருவின் முயற்சியில், ஜொசையா காண்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1883-ல் டோக்கியோவில் திறக்கப்பட்ட இரண்டு மாடி மாளிகை அது. அங்கே அமைச்சர்களும் அவர்களுடைய மனைவியரும் ஐரோப்பிய உடையணிந்து, ஐரோப்பிய நடனம் கற்று, ஐரோப்பியத் தூதர்களுக்கு விருந்தளித்தார்கள். ஒப்பந்தத் திருத்தத்துக்கு அது உதவும் என்று மனப்பூர்வமாக நம்பினார்கள். அங்கே விருந்துண்ட பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் எழுத்தாளருமான பியர் லோத்தி, அந்தக் கட்டடம் பிரான்சின் ஏதோ ஒரு சிற்றூர்ச் சூதாட்ட விடுதி போல இருப்பதாக எழுதினார். பார்த்துச் செய்தால் குரங்கு என்பார்கள், செய்யாமலிருந்தால் காட்டுமிராண்டி என்பார்கள். அந்தஸ்துக்காக வாசலில் நிற்பவருக்கு இந்த இரண்டைத் தவிர மூன்றாவது பெயர் எளிதில் கிடைப்பதில்லை.

கடைசியில் நடனம் பலிக்கவில்லை. 1889-ல் அரசியல் சட்டம் வந்தது, பிறகு மேற்கத்திய முறையில் சட்டத் தொகுப்புகள் வந்தன. இவற்றுக்குப் பலன் இருந்தது. 1894 ஜூலை 16-ல் பிரிட்டன் தன் தூதரக நீதிமன்றங்களைக் கைவிட ஒப்புக்கொண்டது; அது நடைமுறைக்கு வந்தது 1899-ல். சுங்க வரி உரிமை முழுமையாகத் திரும்ப 1911 வரை ஆனது. பிரிட்டன் கையெழுத்திட்டு ஒன்பதே நாட்களில் கொரியக் கடலில் சீனக் கப்பல்கள் மீது ஜப்பான் சுட்டது. அந்தப் போரில் ஜப்பானியப் படையோடு சர்வதேசச் சட்ட அறிஞர் ஒருவரும் போனார். நாங்கள் விதிப்படி போர் செய்கிறோம் என்று ஐரோப்பாவுக்குக் காட்டுவதற்காக. அதே படைதான் 1894 நவம்பரில் போர்ட் ஆர்தர் நகரில் புகுந்து பொதுமக்களையும் கொன்றது. அந்தச் செய்தி அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்து சிறிது காலம் பரபரப்பூட்டியது. ஜப்பானின் ஏற்றத்தை அது நிறுத்திவிடவில்லை.

ஏற்றத்தை நிறுத்த முயன்றது வேறொன்று. 1895 ஏப்ரல் 17-ல் ஷிமொனொசெகியில் சீனா தைவானையும் தன் வடகிழக்கில் இருந்த லியாவ்துங் தீபகற்பத்தையும் ஜப்பானுக்கு விட்டுக்கொடுத்தது. ஆறே நாட்களில் ரஷ்யா, ஜெர்மனி, பிரான்சு மூன்றும் சேர்ந்து, லியாவ்துங்கைத் திருப்பிக் கொடுப்பது நல்லது என்று நட்போடு அறிவுரை கூறின. அந்த அறிவுரைக்குப் பின்னால் போர்க்கப்பல்கள் இருந்தன. ஜப்பான் திருப்பிக் கொடுத்தது. மூன்றே ஆண்டுகளில் ரஷ்யா அதே தீபகற்பத்தின் முனையில் இருந்த போர்ட் ஆர்தரைக் குத்தகை என்ற பெயரில் தானே எடுத்துக்கொண்டது. மேசையில் உட்கார்ந்திருப்பவர் செய்தால் ஆட்சி விரிவாக்கம், வாசலில் நிற்பவர் செய்தால் அமைதிக்குக் கேடு. 'விறகின் மேல் படுத்துப் பித்தத்தை நக்கு' என்ற பழைய சீனத் தொடர், பழிதீர்க்கும் நாள் வரை வலியை மறக்காதிரு என்ற பொருளில், அந்த ஆண்டுகளில் ஜப்பானில் எல்லோர் வாயிலும் இருந்தது. சீனா கட்டிய இழப்பீடு 20 கோடி தேல் (சீன எடை அளவு) வெள்ளி, லியாவ்துங்கைத் திருப்பியதற்காக மேலும் 3 கோடி. அந்தப் பணத்தின் பெரும்பகுதி படைப் பெருக்கத்துக்குப் போனது. புதிய கடற்படையின் ஆறு பெரிய போர்க்கப்பல்களும் பிரிட்டனில் கட்டப்பட்டன. ஆறாவதாக, பாரோ-இன்-ஃபர்னஸ் நகரில் விக்கர்ஸ் நிறுவனம் கட்டி 1902 மார்ச்சில் ஒப்படைத்ததுதான் மிகாசா.

அந்த ஆண்டின் ஜனவரியில்தான் பிரிட்டன் ஜப்பானோடு கூட்டணி ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது. ஓர் ஐரோப்பிய வல்லரசு ஓர் ஆசிய நாட்டைச் சமமாக நடத்திச் செய்துகொண்ட கூட்டணி. வழிகாட்டி முதியவரின் குரலில் இருந்த பெருமை எனக்கு விளங்கியது இங்கேதான். தன் மிகச் சிறந்த கப்பலை பிரிட்டன் யாருக்கு விற்கிறது என்பதே ஒரு சான்றிதழ். கப்பலில் இருந்தது இரும்பு மட்டுமல்ல. கட்டிக் கொடுத்தவனின் ஒப்புதலும் இருந்தது. சுஷிமாவில் டோகோ ஏற்றிய கொடிச் செய்தி, பேரரசின் எழுச்சியும் வீழ்ச்சியும் இந்தப் போரில் இருக்கிறது, ஒவ்வொருவரும் முழு மூச்சோடு கடமையாற்றுக என்ற அந்தச் செய்தி, நூறு ஆண்டுகளுக்கு முன் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சன் ஏற்றியதை நினைவூட்டுவது தற்செயலல்ல.

சுஷிமாவில் ஜப்பான் இழந்தது மூன்று டார்பிடோ படகுகளை. ரஷ்யா ஏறக்குறைய முழுக் கடற்படையையும் இழந்தது. அந்தச் செய்தி ஆசியா முழுவதும் பரவியது. படிப்பதற்காக இங்கிலாந்து போய்க்கொண்டிருந்த பதினைந்து வயது ஜவாகர்லால் நேரு, டோவரிலிருந்து லண்டன் செல்லும் ரயிலில் செய்தித்தாளில் இதைப் படித்துப் பூரித்துப்போனதைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஜப்பானிலோ நிலைமை அவ்வளவு இனிமையாக இல்லை. போருக்காக வாங்கிய கடனில் கருவூலம் மூழ்கியிருந்தது. செப்டம்பரில் அமெரிக்காவின் போர்ட்ஸ்மத்தில் கையெழுத்தான சமாதானத்தில் ரஷ்யா இழப்பீடு தர மறுத்துவிட்டது என்று தெரிந்ததும் டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் கலவரம் வெடித்தது. நகரில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து சசெபோ துறைமுகத்தில் வெடிமருந்து வெடித்து மிகாசாவே மூழ்கியது. போரில் அந்தக் கப்பலில் இறந்தவர்களைவிடப் பல மடங்கு மாலுமிகள் அந்த இரவில் இறந்தார்கள். (பிறகு தூக்கி எடுத்துச் சரிசெய்தார்கள்.) சமாதானம் பேசி வைத்த அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு மறு ஆண்டு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. சண்டையிட்ட இருவரையும்விட மிகக் குறைந்த செலவில் மிக அதிக மதிப்பைப் பெற்றவர் அவர்தான்.

1905 டிசம்பரில் லண்டனில் ஜப்பானின் பிரதிநிதி ஹயாஷி தடாசு அம்பாசடராக உயர்த்தப்பட்டார். மற்ற வல்லரசுகளும் அடுத்தடுத்துப் பின்தொடர்ந்தன. ஐம்பது ஆண்டு உழைப்பு பலித்தது. ஆனால் இதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், நவம்பர் 17-ல், சியோல் அரண்மனையைப் படையால் சூழ்ந்து, கொரியாவின் வெளியுறவு முழுவதையும் ஜப்பானின் கையில் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தை ஜப்பான் வாங்கியிருந்தது. வெளியுறவு இல்லாத நாட்டுக்குத் தூதர்கள் எதற்கு? அமெரிக்கா முதலில் சியோலில் இருந்த தன் தூதரகத்தை மூடியது, மற்றவர்களும் மூடினார்கள். டோக்கியோவில் தூதரகங்கள் தரம் உயர்ந்த அதே வாரங்களில் சியோலில் தூதரகங்களின் கதவுகள் சாத்தப்பட்டன. இந்த இரண்டையும் தனித்தனிச் செய்திகளாகப் படித்துப் பழகியிருந்த எனக்கு, தேதிகளை அருகருகே எழுதிப் பார்த்தபோதுதான் இவை ஒரே செய்தி என்று உறைத்தது.

கொரியாவுக்கு இது புதிதும் அல்ல. 1876-லேயே, பெரி தனக்குச் செய்ததை ஜப்பான் கங்வாவில் போர்க்கப்பலோடு போய்க் கொரியாவுக்குச் செய்திருந்தது. அந்த ஒப்பந்தத்தில், கொரிய மண்ணில் குற்றம் செய்யும் ஜப்பானியரை ஜப்பானிய அதிகாரிகளே விசாரிப்பார்கள் என்ற விதியும் இருந்தது. தான் அவமானமாக எண்ணி அகற்றப் பாடுபட்டுக்கொண்டிருந்த அதே விதி. 1907-ல் கொரியப் பேரரசர் கோஜோங் மூன்று பேரை ரகசியமாக ஹேக் அமைதி மாநாட்டுக்கு அனுப்பினார். மாநாட்டுக்குள் அவர்களை விடவில்லை. அவர்களில் யி ஜுன் அந்த ஊரிலேயே இறந்தார். அந்த ஜூலையிலேயே கோஜோங் அரியணையை விட்டு இறக்கப்பட்டார். 1910-ல் கொரியா என்ற நாடே வரைபடத்திலிருந்து மறைந்தது. காலனி வைத்திருப்பது வல்லரசின் அடையாளங்களில் ஒன்றாக இருந்த காலம் அது. ஜப்பான் அந்த அடையாளத்தையும் சரியாகவே கற்றுக்கொண்டிருந்தது.

இதை உள்ளிருந்தே கண்டு சொன்னவர் ஒருவர் உண்டு. ஜப்பானிய எழுத்தாளர் ஒக்காகுரா கக்குஸோ 1906-ல் தேநீரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய சிறு நூலில், அமைதியின் மென்கலைகளில் ஜப்பான் ஈடுபட்டிருந்தவரை மேற்கத்தியர் அதைக் காட்டுமிராண்டி என்றார்கள், மஞ்சூரியப் போர்க்களங்களில் ஆயிரக்கணக்கில் கொல்லத் தொடங்கியதும் நாகரிக நாடு என்கிறார்கள் என்று எழுதினார். நாடுகள் மதிப்புப் பெறும் முறை குறித்து நான் படித்தவற்றில் இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன இடம் வேறு இல்லை.

1919-ல் பாரிஸ் சமாதான மாநாட்டில் ஜப்பான் ஐந்து முதன்மை நாடுகளில் ஒன்றாக உட்கார்ந்தது. ஐ.நா.வுக்கு முன்னோடியாக உருவாகவிருந்த நாடுகளின் சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) நிரந்தர இடமும் உறுதியாகியிருந்தது. இனி ஒரே ஒரு குறைதான். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானியர் என்ற காரணத்துக்காகவே தன் குடிமக்கள் தடுக்கப்படுகிறார்கள். வல்லரசின் குடிமகன் எப்படி இரண்டாம்தர மனிதனாக இருக்க முடியும்? ஜப்பானின் பிரதிநிதி மகினோ நொபுவாகி, சங்கத்தின் சாசனத்தில் இனச் சமத்துவத்தைச் சேர்க்கும்படி கேட்டார். எதிர்ப்பு வந்ததும் வாசகத்தை நீர்க்கச் செய்து, நாடுகளின் சமத்துவம் என்ற அளவுக்குக் குறைத்துக்கொண்டார். ஏப்ரல் 11 அன்று வாக்கெடுப்பு நடந்தது. பதினேழு பேரில் பதினோரு பேர் ஆதரித்தார்கள். தலைமை வகித்த அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன், இவ்வளவு முக்கியமான விஷயத்தில் ஒருமித்த சம்மதம் வேண்டும் என்று சொல்லித் தீர்மானத்தை விலக்கினார். சங்கத்தின் தலைமையகம் ஜெனீவாவில் இருக்கட்டும் என்பது பெரும்பான்மை வாக்கில்தான் முடிவாகியிருந்தது. பின்னணியில் மிக உரக்க எதிர்த்தவர் ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ்.

இந்தக் காட்சியைச் சொல்லும்போது ஜப்பானை நாயகனாக்கிவிடுவது எளிது. நான் அதைச் செய்யத் தயங்குவேன். சரியாக அதே வாரங்களில், 1919 மார்ச் 1 முதல், கொரியத் தெருக்களில் விடுதலை கேட்டு எழுந்த மக்களை ஜப்பானியப் படை சுட்டுக்கொண்டிருந்தது. மகினோ கேட்டது மனிதர்கள் அனைவரின் சமத்துவமா, வெள்ளையர்களுக்கு இணையாக ஜப்பானியரை வைக்கும் சமத்துவமா என்ற கேள்விக்கு அந்தத் தெருக்களிலிருந்து ஒரு விடை கிடைக்கிறது. அதே மாநாட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெர்சாய் ஒப்பந்தத்தில் இந்தியாவின் சார்பில் பிகானேர் மகாராஜா கங்கா சிங் கையெழுத்திட்டார். நாடுகளின் சங்கத்தில் இந்தியா தொடக்க உறுப்பினர். தன்னைத்தானே ஆளாத ஒரு நாட்டுக்கு நாற்காலி இருந்தது. பிரிட்டனுக்கு அங்கே இன்னொரு வாக்கு தேவைப்பட்டது. ஆக நாற்காலி என்பதும் முழுச் சான்று அல்ல.

1921-22-ல் வாஷிங்டனில் கடற்படைக் குறைப்பு மாநாடு. பெரிய போர்க்கப்பல்களின் எடை அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தலா 5,25,000 டன், ஜப்பானுக்கு 3,15,000 டன். 5:5:3 என்ற அந்த விகிதம் கணக்கின்படி ஜப்பானுக்குச் சாதகமானது என்று சொல்ல நல்ல வாதங்கள் இருந்தன. இரண்டு கடல்களில் படை வைக்க வேண்டிய அமெரிக்காவைவிட ஜப்பானுக்குக் குறைவாகத்தான் தேவை. கட்டுப்பாடில்லாத போட்டியில் அமெரிக்கத் தொழிற்சாலைகளை ஜப்பானால் எட்டவே முடியாது. தலைமைப் பிரதிநிதி அட்மிரல் கதோ தொமொசபுரோ இதைப் புரிந்துகொண்டே கையெழுத்திட்டார். குழுவில் இருந்த இன்னொரு கதோ, வைஸ் அட்மிரல் கதோ கஞ்சி, இதை அவமானமாகவே பார்த்தார். ஐந்து, ஐந்து, மூன்று என்ற எண்களைக் கேட்கிற சாதாரண மனிதரின் காதில் விழுவது டன் கணக்கு அல்ல, வரிசை. இதே மாநாட்டின் உடன்பாட்டில் பிரிட்டனுடனான கூட்டணியும் முடிவுக்கு வந்தது. கைவிட வேண்டிய கப்பல்களின் பட்டியலில் மிகாசாவும் இருந்தது. இனி ஒருபோதும் போருக்குப் பயன்படாதபடி செய்து நினைவுச் சின்னமாக வைத்துக்கொள்ளலாம் என்று மற்ற நாடுகள் சம்மதித்தன. அந்தக் கான்கிரீட்டின் கதை இதுதான்.

அதற்குப் பிறகு, ஜப்பானியர் குடியேறுவதைத் தடுத்த அமெரிக்காவின் 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். மற்ற நாடுகளுக்கு இருந்ததுபோல ஒரு சிறு ஒதுக்கீட்டை ஜப்பானுக்கும் கொடுத்திருந்தால் ஆண்டுக்கு 146 பேர்தான் வந்திருப்பார்கள் என்று ஜப்பானியத் தூதர் ஹனிஹரா கணக்குக் காட்டினார். ஜப்பான் கேட்பது ஆட்களின் எண்ணிக்கையை அல்ல, சுயமரியாதையை என்றும் எழுதினார். அதே கடிதத்தில், தடை வந்தால் விளைவுகள் கடுமையாக இருக்கும் என்ற ஒரு சொற்றொடரும் இருந்தது. அதையே மிரட்டல் என்று பிடித்துக்கொண்ட செனட் தடையை நிறைவேற்றியது. வெறும் 146 பேர். அந்தச் சட்டத்தால் அமெரிக்காவுக்குக் கிடைத்த பலன் என்ன என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்குப் புலப்படவில்லை. ஜப்பானில் மேற்கோடு இணங்கிப் போகலாம் என்று வாதிட்டவர்களின் வாயை அது அடைத்தது என்பது மட்டும் தெரிகிறது.

பின்னாளில் ஜப்பான் சீனாவின் மஞ்சூரியாவைப் பிடித்ததும் நாடுகளின் சங்கத்தைவிட்டு வெளியேறியதும் இந்த அவமானங்களால்தான் நிகழ்ந்தன என்று சொல்ல மாட்டேன். ராணுவத்தின் ஆசை, உலகப் பொருளாதார வீழ்ச்சி, சீனாவின் நிலை என்று காரணங்கள் பல. ஆனால் 1933 பிப்ரவரி 24 அன்று, மஞ்சூரியா குறித்த அறிக்கையை 42 நாடுகள் ஆதரிக்க, ஜப்பான் ஒன்று மட்டும் எதிர்க்க, ஜப்பானின் பிரதிநிதி மட்சுவோகா யொசுகே தம் குழுவோடு அவையைவிட்டு எழுந்து நடந்தபோது, ஊர் திரும்பிய அவருக்குக் கிடைத்த வரவேற்பை அந்த நீண்ட பட்டியல் இல்லாமல் விளங்கிக்கொள்ள முடியாது. முந்தைய டிசம்பரில்தான் அவர், ஜப்பானும் இன்று சிலுவையில் அறையப்படுகிறது, நாசரேத்தின் இயேசுவை உலகம் பிற்காலத்தில் புரிந்துகொண்டதுபோல எங்களையும் புரிந்துகொள்ளும் என்று பேசியிருந்தார். நாங்கள் உங்கள் விதிப்படிதானே செய்தோம் என்பதுதான் அந்தப் பேச்சின் அடியில் ஓடிய குமுறல். அதில் பாதி உண்மை இருந்தது. விதி மாறியிருந்தது. நாடு பிடிப்பதை நாகரிகத்தின் அடையாளமாக வைத்திருந்தவர்கள், தங்களுக்கு வேண்டியதைப் பிடித்து முடித்த பிறகு, அதைக் குற்றம் என்று எழுதியிருந்தார்கள். குற்றம்தான், மஞ்சூரியாவில் மாண்டவர்களுக்கு எழுதியது யார் என்பதில் அக்கறை இருந்திருக்காது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிகாசாவின் பீரங்கிகளும் கொடிமரங்களும் மேற்கட்டுமானமும் அகற்றப்பட்டன. சில ஆண்டுகள் அதன்மேல் ஒரு நடன விடுதியும் மீன் காட்சியகமும் நடந்தன. பசிபிக்கில் ஜப்பானியக் கடற்படையைத் தோற்கடித்த அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ், இளம் அதிகாரியாக 1905-ல் டோக்கியோவில் டோகோவை நேரில் கண்டு வியந்தவர். மிகாசாவின் கதி கேட்டு அவர் எழுதினார், பணமும் கொடுத்தார். 1961 மே 27-ல் கப்பல் மீண்டும் திறக்கப்பட்டது. இழந்த சில பாகங்களுக்கு மாற்று வந்த இடம் இன்னும் விந்தையானது. சிலி நாட்டின் அல்மிரான்டே லதோரே என்ற பெரும் போர்க்கப்பல் அப்போது ஜப்பானில் உடைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதுவும் பிரிட்டனில் கட்டியதே. பிரேசிலும் அர்ஜென்டினாவும் வாங்கிவிட்டனவே என்பதற்காகச் சிலி வாங்கியது. அந்தப் போட்டியைத் தொடங்கிவைத்த பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் 1910-ல் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே, கசையடியைப் பொறுக்க முடியாத கறுப்பின மாலுமிகள் ஜுவாவ் கான்டிடோவின் தலைமையில் கப்பலைக் கைப்பற்றி, பீரங்கிகளை ரியோ நகரத்தின் பக்கம் திருப்பினார்கள். உலகத்துக்குக் காட்ட வாங்கிய கப்பலுக்குள் ஆட்களை எப்படி நடத்தினார்கள் என்பது அப்படித்தான் வெளியே தெரிந்தது. அந்தக் குடும்பத்துக் கப்பலின் உறுப்புகள்தான் இப்போது மிகாசாவில் இருக்கின்றன.

1956-ல் ஜப்பான் ஐ.நா. உறுப்பினரானது. 1964-ல் ஷின்கன்சென் அதிவேக ரயில், டோக்கியோ ஒலிம்பிக், வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.யில் உறுப்புரிமை எல்லாம் ஒரே ஆண்டில் வந்தன. சுடாமல் கிடைத்த மதிப்பு அது. ரொகுமெய்கானின் நடனம் செய்ய முடியாததை ரயில் செய்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐ.நா.வின் வழக்கமான வரவு செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை ஜப்பான் கட்டியது. ஆனாலும் ஐ.நா. சாசனத்தில் இரண்டாம் உலகப் போரின் 'பகை நாடுகள்' பற்றிய வாசகங்கள் இன்றும் நீக்கப்படாமல் இருக்கின்றன. பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் கேட்டு 2005-ல் இந்தியா, ஜெர்மனி, பிரேசில் ஆகியவற்றோடு சேர்ந்து எடுத்த முயற்சியும் வாக்கெடுப்புக்கே வராமல் நின்றது.

அன்று கப்பலைவிட்டு இறங்கும் முன், முன்பக்கத்துப் பெரிய பீரங்கியின் அருகே வழிகாட்டி எங்களோடு சிறிது நேரம் நின்றார். பக்கத்திலேயே அமெரிக்கக் கடற்படைத் தளம். நான் எந்த நாடு என்று கேட்டார், இந்தியா என்றேன். பாதுகாப்பு அவையில் உங்களுக்கு இடம் கொடுத்துவிட்டார்களா என்று நண்பர் வழியாகக் கேட்டார். இன்னும் இல்லை, உங்களுக்கும் இல்லையே என்றேன். அவர் சிரித்தார். பிறகு பீரங்கியின் மேல் கையை வைத்து, இது அசல் இல்லை, பிறகு செய்து வைத்தது என்று சொல்லிவிட்டு, அடுத்து ஏறி வந்துகொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளை நோக்கிப் போனார்.